எந்தத் தலைப்பில் எழுதுவது?

பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் ஓர் உறுப்பினர் வெளியாளாக இருக்க வேண்டும். அந்த வெளியாள் பெண்களுக்காக இயங்கும் அரசுசாரா அமைப்பையோ சங்கத்தையோ சேர்ந்தவராகவோ, இத்தகைய பிரச்சினைகளை அறிந்தவராகவோ இருக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த விதிகள் அமைப்பிலிருந்து வருபவருக்கு என்ன தர வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டன. விசாரணை நடக்கும் நாளொன்றுக்கு 200 ரூபாய். பயணப்படி தனி. மூன்றடுக்கு ஏசி ரயில், ஏசி பேருந்து, ஆட்டோ அல்லது டாக்சி என்று அதற்குத் தாராளமான வரையறை உண்டு. அவளைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டிக்கு ஏசி வரை கொடுக்கலாம், வந்து சேர்ந்தவளின் பகல் பொழுதுக்கு 200 ரூபாய்.

பெரிய நிறுவனங்கள் தாமாகவே கூடுதலாகத் தருவதுண்டு. அதை மறுக்கவில்லை. என் கேள்வி அந்தத் தொகையைப் பற்றியதல்ல, அதை எழுதியவர் மனத்தில் இருந்த பெண்ணைப் பற்றியது. குழுவின் மற்ற உறுப்பினர்கள் அலுவலக நேரத்தில், தம் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற இவளுக்கு மட்டும் அக்கறைதான் தகுதி, அக்கறைதான் கூலி. பெண்கள்மீது அக்கறை உள்ளவள் காசு கேட்க மாட்டாள் என்ற நம்பிக்கை அந்த விதியின் அடியில் இருக்கிறது.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்தால் இது இன்னும் உறுத்தும். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி, மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்', அதாவது தோழி. குயவர் சாதிப் பெண். மாதச் சம்பளம் என்று அவருக்குக் கிடையாது, மதிப்பூதியம்தான். ஆதிக்க சாதிக் குடும்பம் ஒன்றில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவரது வேலை. 1992 செப்டம்பரில் அதற்காகக் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. வேலையின்பொருட்டு ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததற்கு வேலை கொடுத்தவர் பொறுப்பா என்ற கேள்வியோடு விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. பதினாறு ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது. ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், தன்னார்வமாகச் செய்தாலும் அவர் 'பணியாளர்'தான் என்று அந்தச் சட்டத்தின் வரையறை தெளிவாகச் சொல்கிறது. பன்வாரியிடமிருந்து சட்டம் இதைக் கற்றுக்கொண்டது. ஆனால் அதே சட்டத்தின் விதிகள் இன்னொரு மதிப்பூதியக்காரியை உருவாக்கி, 200 ரூபாயை நீட்டின.

சம்பளமா, மதிப்பூதியமா என்பதில் என்ன இருக்கிறது, கையில் வருவது காசுதானே என்று கேட்கலாம். சம்பளம் கொடுத்தவர் கடன்பட்டவர். மதிப்பூதியம் கொடுத்தவர் பெருந்தன்மையானவர். அங்கன்வாடிப் பணியாளர்கள் இந்த வித்தியாசத்தை அரை நூற்றாண்டாகச் சுமந்திருக்கிறார்கள். 1975இல் தொடங்கிய திட்டம் அது. குழந்தைக்குச் சோறு, எடை, தடுப்பூசி, கர்ப்பிணிகள் கணக்கு, தேர்தல் வந்தால் அந்த வேலை என எல்லாம் செய்தும் அவர்கள் 'கௌரவப் பணியாளர்கள்'தான். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில்.

நான் தமிழ் படித்தவள். இந்த இடத்தில் சொற்கள் என்னை விடுவதில்லை. நாம் 'தொண்டு நிறுவனம்' என்கிறோம். தொண்டு என்பதற்கு அடிமைத்தன்மை என்ற பொருளும் நம் அகராதிகளில் உண்டு. பக்தி இலக்கியம் அந்த அடிமைத்தனத்தை இறைவனுக்கு உரியதாக்கிப் பெருமைப்படுத்தியது. ஊழியம் என்ற சொல்லின் கதை இன்னும் கடுமையானது. இன்று தேவாலயத்தில் அது இறைப்பணி, அலுவலகத்தில் அரசு ஊழியம். திருவிதாங்கூரில் அது ஒடுக்கப்பட்ட சாதிகள் அரசுக்குக் கூலியின்றிச் செய்தே ஆக வேண்டிய கட்டாய வேலையின் பெயர். நாங்கள் குமரிப் பக்கத்தவர்கள். என் பாட்டி கடைசிவரை அந்தச் சொல்லை நல்ல அர்த்தத்தில் சொன்னதில்லை.

சேக்கிழாரின் நூலுக்கு அவர் இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம். அதில் இளையான்குடி மாறனார் கதையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். வறுமைப்பட்ட வீடு, மழை இரவு, வாசலில் பசியோடு ஓர் அடியார். வீட்டில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது என்று கணவர் கேட்கிறார். பகலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வந்தால் எப்படியாவது சமைக்கலாம் என்று வழி சொல்பவள் மனைவி. அவர் இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார். விறகில்லை என்கிறாள், கூரையின் கழிகளை அறுத்துத் தருகிறார். முளைத்த நெல்லை ஈரம் போக வறுத்து, குத்தி, அரிசியாக்கி, உலை வைத்து, பறித்து வந்த குழிக்கீரையைப் பலவிதக் கறியாக்கி வைக்கிறாள். இறுதியில் இருவருக்கும் சிவலோகம் கிடைக்கிறது, சேக்கிழார் அதில் குறை வைக்கவில்லை. ஆனால் நாயன்மார் பட்டியலில் இருப்பவர் மாறனார். அறுபத்துமூவரில் மூன்றே பெண்கள், அவர்களில் இவள் இல்லை. இவளுக்குப் பெயரும் இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள்: "அப்போ அவங்க செஞ்சது என்ன மிஸ், சமையலா, தொண்டா?"

இந்தக் கேள்வியைத் தணிக்கையாளரின் மொழியில் மாற்றினால், நான் பதினொரு ஆண்டுகளாகச் செயற்குழுவில் இருக்கிற ஒரு சிறிய அமைப்பின் வரவு செலவுக் கணக்குக்கு வந்துவிடுவோம். பெயர் வேண்டாம். தென்மாவட்டம் ஒன்றில், சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான, வாடகைக் கட்டடத்தில் இரண்டு அறைகள் கொண்ட அமைப்பு. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் வருவார்கள். அவர்களோடு காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், சில சமயம் மாமியார் வீடு வரை போவதுதான் எங்கள் களப்பணியாளர்களின் வேலை. போய் உட்கார்ந்திருப்பது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் காலை பத்து மணிக்குப் போன பெண், மாலை நான்கு மணிக்கு, "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி விடுறோம், போயிட்டு நாளைக்கு வாம்மா" என்ற பதிலோடு திரும்பாமல் இருப்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் தேவை. அந்த ஆள் அந்த ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. டீ வாங்கிக் கொடுப்பாள். குழந்தையை மடியில் வைத்திருப்பாள். மனு ஏற்புச் சீட்டு கேட்கும் நேரத்தில் எழுந்து நிற்பாள்.

இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? நன்கொடை தருபவர்களின் படிவத்தில் இரண்டு பெரிய தலைப்புகள் உண்டு. ஒன்று திட்டச் செலவு, இன்னொன்று நிர்வாகச் செலவு. பயிற்சி முகாம் நடத்தினால் திட்டம். துண்டறிக்கை அச்சடித்தால் திட்டம். தையல் இயந்திரம் கொடுத்தால், புகைப்படமும் கிடைக்கும் என்பதால், மிக நல்ல திட்டம். வாடகை, மின்சாரம், தொலைபேசி, கணக்கர், பயணம் எல்லாம் நிர்வாகம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்தது. 2010இல் புதிதாக எழுதப்பட்டது. 2020இல் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. எது நிர்வாகச் செலவு ஆகாது என்பதற்கும் விதி இருக்கிறது. மருத்துவமனையில் மருத்துவர் சம்பளம் ஆகாது, பள்ளியில் ஆசிரியர் சம்பளம் ஆகாது. ஆய்வையும் பயிற்சியையும் முதன்மையாகச் செய்யும் அமைப்பில் களத் தரவு சேகரிப்பவரின் சம்பளம் ஆகாது. அடிபட்ட பெண்களை எண்ணிக் கணக்கெடுப்பவளுக்குத் தெளிவான இடம் உண்டு. அடிபட்ட பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை 'போன்றவை' என்ற சொல்லுக்குள் நுழைக்கலாம், ஆடிட்டருக்குத் துணிவிருந்தால்.

உச்சவரம்பு வைத்தவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கணவர் நிர்வாக அறங்காவலர், மனைவி செயலாளர், மகன் திட்ட இயக்குநர் என்று குடும்ப அட்டையைப் போலிருக்கும் அறக்கட்டளைகள் நம் ஊர்களில் இல்லையா? வறுமை ஒழிப்பு பற்றி நட்சத்திர விடுதியில் மூன்று நாள் கருத்தரங்கு நடத்தி, வறுமையில் இருந்து ஒருவரை அழைத்துவந்து கடைசி நாள் பொன்னாடை போர்த்தியதை நானே பார்த்திருக்கிறேன். ஏழைகளின் பெயரில் வரும் பணம் ஏழைகளிடம் போய்ச் சேர வேண்டும் என்பது நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபம் ஒரு விழுக்காடாக மாறி விதிக்குள் வந்தவுடன், கார் வைத்திருக்கும் அமைப்பை அது தொடுவதில்லை. அங்கே செலவைத் தலைப்பு மாற்றி எழுதத் தெரிந்த கணக்கர் இருக்கிறார். காரில்லாத இடத்தில்தான், டீக்காசும் பஸ் சார்ஜும் நிர்வாகமா திட்டமா என்று இரவு பதினொரு மணிக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம்.

வீட்டுக்குள் நடக்கும் கணக்கும் இதுதான் என்பதை நாம் கவனிப்பதில்லை. அரிசி வாங்கியது செலவு. சமைத்தது செலவாகாது. ஒரு சமூகம் தன் வீட்டுக் கணக்கில் எதை எழுதாமல் விடுகிறதோ அதை நன்கொடைக் கணக்கிலும் எழுதாமல் விடுகிறது, எழுதினால் வீண்செலவு என்கிறது. சேவை மனப்பான்மை உள்ள நிறுவனங்களும், பெண்ணியம் பேசும் நிறுவனங்களும் உட்பட, இந்தக் கணக்கைத் தங்கள் பணியாளர்களிடம் அப்படியே போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதினொரு மாத ஒப்பந்தம், பிறகு ஒரு மாத இடைவெளி, மறுபடி பதினொரு மாதம். மகப்பேறு விடுப்பு பற்றிக் கிராமம் கிராமமாகப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு கிடையாது. கேட்டால், "நாம இத வேலையாவா செய்யறோம், இயக்கமால்ல செய்யறோம்" என்பார்கள்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. நான் மதிக்கும் மூத்த தோழிகள் அதைச் சொல்கிறார்கள். எண்பதுகளில் மதுரா வழக்குத் தீர்ப்புக்கும் வரதட்சிணைச் சாவுகளுக்கும் எதிராகத் தெருவுக்கு வந்த பெண்கள் எவரும் சம்பளம் வாங்கவில்லை. துண்டறிக்கைக்குக் காசு அவரவர் கைப்பையிலிருந்து வந்தது. யாருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கவில்லை. சம்பளம் வந்த பிறகுதான் இயக்கம் திட்டமானது, தோழி திட்ட ஒருங்கிணைப்பாளர் ஆனாள், பெண்கள் 'பயனாளிகள்' ஆனார்கள். காசு வாங்காதவளுக்குத்தான் காசு கொடுப்பவனிடம் முடியாது என்று சொல்லும் உரிமை இருக்கும்.

பாதி உண்மை இது. எந்த அமைப்பு யாருக்குப் பதில் சொல்கிறது என்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. 1972இல் அகமதாபாத்தில் எலா பட் சேவா அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யப் போனபோது, உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டார்கள். தலைச்சுமைக்காரிகளும் காய்கறி விற்பவர்களும் சந்தா கட்டி உறுப்பினரான சங்கம் அது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பும் உறுப்பினர்களை வைத்தே வளர்ந்தது. சந்தா கட்டியவள் வந்து கணக்குக் கேட்கலாம். பயனாளி நன்றிதான் சொல்லலாம். எங்களைப் போன்ற அமைப்புகளால் அந்த வழியில் முழுக்கப் போக முடியவில்லை. அடிபட்டு நள்ளிரவில் வருபவளிடம் சந்தாப் புத்தகத்தை நீட்ட முடியாது.

மறுபாதிக்கு வருகிறேன். சும்மா வேலை செய்ய யாரால் முடியும்? என்னால் முடியும். யுஜிசி சம்பளம் மாதம் பிறந்தால் வங்கியில் விழுகிறது. சனி, ஞாயிறை நான் தானம் கொடுக்கலாம். எங்கள் செயற்குழுவில் இருக்கும் வழக்கறிஞரால் முடியும், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியால் முடியும். எங்கள் களப்பணியாளர்கள் மூன்று பேரில் இருவர் தலித் பெண்கள், ஒருவர் கணவனைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். ஊதியமில்லாத தொண்டுதான் தூய்மையானது என்று ஓர் அமைப்பு முடிவுசெய்தால், யார் தலைமையில் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்துவிடுகிறது. எழுபதுகளின், எண்பதுகளின் தோழிகளில் கைப்பையில் காசு இருந்தவர்கள் யார் என்று இன்று கேட்பது அவர்களை அவமதிப்பதாகாது.

2020 திருத்தத்தின் இன்னொரு பிரிவு எங்களை நேரடியாகத் தொட்டது. வெளிநாட்டுப் பணம் பெறும் ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது. டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்குத் தொடங்கும் அளவுக்கு எங்களுக்கு வசதியில்லை, அந்தப் பதிவும் இல்லை. பெரிய அமைப்பு ஒன்று தன் நிதியில் ஒரு பங்கை எங்களுக்குத் தந்துவந்தது, மூவரின் சம்பளமும் அதில்தான். அது நின்றது. 2022இல் உச்ச நீதிமன்றமும் திருத்தங்கள் செல்லும் என்றது. அதற்கு முன்பே எங்கள் உண்டியல் காலி.

செயற்குழு கூடியது. மூவரும் தொடரட்டும், சம்பளத்துக்குப் பதில் போக்குவரத்துப்படியும் சிறு மதிப்பூதியமும் கொடுப்போம், நிதி வந்ததும் பார்ப்போம் என்று ஒரு யோசனை வந்தது. வைத்தவர் நல்லவர். தன் ஓய்வூதியத்திலிருந்து அமைப்புக்கு நிறையக் கொடுத்தவர். மூவரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். அவர்களில் மூத்தவரை எல்லாரும் அக்கா என்போம், வயதில் இளையவரான அவரை நானும்தான். அவர் கோபப்படவில்லை.

"டீச்சர், வீட்ல சும்மா செஞ்சா கடமைங்கிறாங்க. இங்க சும்மா செஞ்சா சேவைங்கிறீங்க. காட்டு வேலைக்குப் போனாத்தான் கூலியா? அப்ப நான் காட்டுக்கே போறேன், சாயங்காலம் கையில காசாவது இருக்கும்."

"அக்கா, அப்படி இல்ல…" என்று செயலாளர் தொடங்கினார்.

"இல்லம்மா, நீங்க இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ஒத்துக்கிடுதேன். சும்மா வான்னு மட்டும் சொல்லாதீங்க. ஸ்டேஷன்ல எஸ்ஐ கேக்காங்க, நீ யாரு, ஒனக்கு என்ன வேலைன்னு. சம்பளம் வாங்குதேன், எனக்கு இதான் வேலைன்னு சொன்னாத்தான் நாற்காலி போடுதாங்க."

நாற்காலி பற்றி அவர் சொன்னதை என்னுடைய எந்த வாதமும் அதுவரை எட்டியிருக்கவில்லை. ஊதியம் என்பது வயிற்றுக்கானது என்று மட்டுமே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். காவல் நிலையத்தில் ஒரு தலித் பெண் எந்த அதிகாரத்தில் உட்காருகிறாள் என்பதற்கும் அது பதில் என்பது எங்கள் பக்கத்து மேசையில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய தேவை இருந்ததில்லை, எங்களுக்கு எங்கேயும் நாற்காலி போட்டார்கள்.

நான்கு மணி நேரம் பேசினோம். ஆறு வட்டாரங்களில் செய்த வேலையை மூன்றாகக் குறைத்தோம். மூவரில் இருவருக்கு முழுச் சம்பளம், மூன்றாமவர் விருப்பப்படி அவருக்கு வேறிடத்தில் வேலை தேடித் தந்தோம். பணம் உள்ளூரிலேயே திரட்டுவது, ஆண்டுக் கணக்கைத் தமிழில் எழுதி, கொடுத்தவர்களுக்கும் வந்துபோன பெண்களுக்கும் ஒரே கூட்டத்தில் வாசிப்பது என்று முடிவானது. அந்தக் கணக்கில் காத்திருந்த மணி நேரத்துக்குத் தனித் தலைப்பு உண்டு. நிர்வாகத்திலும் இல்லை, திட்டத்திலும் இல்லை, 'உடனிருப்பு' என்று எழுதுகிறோம். எங்கள் ஆடிட்டர் இளைஞர். முதலில் சிரித்தார், இப்போது மாதக் கடைசியில் அவரே, "உடனிருப்பு ஷீட் இன்னும் வரலையே மேடம்" என்று கேட்கிறார்.

இதற்கு விலை இருந்தது. விட்டுவிட்ட மூன்று வட்டாரங்களிலிருந்து பெண்கள் இப்போதும் அழைக்கிறார்கள். 181 உதவி எண்ணைச் சொல்கிறோம், மாவட்டத் தலைநகரின் ஒருங்கிணைந்த சேவை மையத்தைச் சொல்கிறோம், பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணைத் தருகிறோம். அந்த ஊர்களிலிருந்து தலைநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். குழந்தையோடு, கிழிந்த உதட்டோடு இரண்டு பஸ் மாறி வர வேண்டிய பெண்ணுக்கு, எங்கள் பணியாளரின் சம்பள உரிமை எந்த வகையில் நியாயம் என்று யாராவது கேட்டால், தயாரான பதில் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒருத்தியின் உழைப்பைச் சுரண்டித்தான் இன்னொருத்தியின் காயத்துக்குக் கட்டுப்போட முடியும் என்ற நிலையை உருவாக்கியது நாங்கள் இருவருமே அல்ல என்பது மட்டும் தெரியும். அந்த நிலையை உருவாக்கியவர்கள் இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. பத்துப் பேருக்குக் குறைந்த அமைப்பு என்பதால் பணிக்கொடைச் சட்டமும் எங்களை எட்டாது. ஒரு தனிக் கணக்கில் மாதம் கொஞ்சம் போட்டுவருகிறோம்.

பணி நியமன ஆணையைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பழைய கடிதத்தில் 'தன்னார்வலர்' என்று இருந்த இடத்தில் 'பணியாளர்' என்று போட்டேன். சம்பளம், வேலை நேரம், ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பண்டிகை விடுமுறைகள். அக்கா இரண்டு முறை வாசித்தார். விடுமுறைப் பட்டியலில் ஒரு வரியில் விரலை வைத்தார். தீபாவளிக்கு மறுநாளை எடுத்துவிடுங்கள், அன்றைக்குத்தான் நிறையப் பேர் வருவார்கள் என்றார். எடுத்துவிட்டு, அன்று வேலை செய்பவருக்கு அந்த வாரத்திலேயே ஈட்டு விடுப்பு உண்டு என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரிக்குக் கீழே அக்கா கையெழுத்துப் போட்டார்.